சுவருக்கு இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கடை திறந்தாக வேண்டும். 2001ஆம் ஆண்டு, சேலையூர் கேம்ப் ரோட்டில், மாடிப்படியை ஒட்டிய ஓர் அறையில் எட்டு சிஸ்டம் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. நமக்கு ஞாயிறு விடிகாலை ஆறு என்றால், கோடைக்காலத்தில் கலிபோர்னியாவில் சனிக்கிழமை மாலை ஐந்தரை. அங்கே பிள்ளைகள் துணி துவைத்து, ஒரு வாரத்துக்குச் சாம்பார் வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுக் கணினி முன்னால் வந்து உட்காரும் நேரம். இங்கே அம்மாக்கள் தலை பின்னி, பொட்டு வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் கடையில் அப்போது வெப்கேமரா கிடையாது. ஆனாலும் அப்படித்தான் வருவார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நடந்தே வந்த ஓர் அம்மாவுக்கு யாகூ மெசஞ்சர் கனெக்ட் ஆகவில்லை. ஐடியும் பாஸ்வேர்டும் போட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று முறை முயன்றேன். பிறகு, கடைக்குக் கடை எல்லாரும் சொல்கிற அந்த வாக்கியத்தை நானும் சொன்னேன்: “சர்வர்ல ப்ராப்ளம்மா, சாயந்திரம் வந்து பாருங்க.” அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

ஓனர் அண்ணன் டீயோடு படியேறி வந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவைத் திரும்ப அழைத்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, சர்வரை நீ பாத்தியா?”

பிறகு அதே சிஸ்டத்தில் பிரவுசரைத் திறந்தார். பக்கம் வந்தது. “ஒயர் நல்லாருக்கு. மோடம் நல்லாருக்கு. இந்த ஒரு புரோகிராம் மட்டும் வெளியே போக வழி தெரியாம நிக்குது” என்றார். மெசஞ்சரின் செட்டிங்கைத் திறந்தபோது, முந்தைய நாள் இரவு உட்கார்ந்தவர் யாரோ அதில் ப்ராக்ஸியை எடுத்துவிட்டிருந்தது தெரிந்தது. 192.168.0.1 என்ற எண்ணைத் திரும்பப் போட்டார். திரையின் மூலையில் மங்கிக் கிடந்த மெசஞ்சர் முகம் மஞ்சளாகிச் சிரித்தது. மகன் அந்த முனையில் காத்துக்கொண்டுதான் இருந்தான். ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று வந்து விழுந்ததை அவர் விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

கடை காலியானதும் அண்ணன் சொன்னார்: “கோளாறு நூத்துக்குத் தொண்ணூறு சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சொல்லிட்டா நம்ம வேலை முடிஞ்சிரும். அவங்க வந்த வேலை முடியாது.”

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். நான் கற்றதில் பாதி அந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கும்.

‘மெயில் திறக்குது, மெசஞ்சர் மட்டும் வரல’ என்று வருகிறவர்களுக்கு நான் அந்தக் காலத்தில் சொன்ன விளக்கம் இது. ஒரு கணினியிலிருந்து வெளியே போகக் கதவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இணையப் பக்கங்கள் 80ஆம் கதவு வழியாகப் போகும். யாகூ மெசஞ்சர் 5050ஐத் தேடும். எம்எஸ்என் மெசஞ்சருக்கு 1863. பிற்பாடு 2005 ஆகஸ்டில் வந்த கூகுள் டாக்குக்கு 5222. எங்கள் கடையில் எட்டு சிஸ்டத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு 56கே மோடம். அது மாட்டியிருந்த கணினி மற்ற ஏழு பேருக்கும் வாசல்காரனாக நின்று, கேட்டதை வாங்கிவந்து கொடுக்கும். அதற்குத்தான் ப்ராக்ஸி என்று பெயர். பிரவுசருக்கு அந்த வாசல்காரனைத் தெரியும். மெசஞ்சருக்கு நாம் தனியாக அறிமுகம் செய்து வைக்க வேண்டும். யாகூ தன் கதவு மூடியிருந்தால் 80, 23, 25 என்று வேறு கதவுகளையும் தட்டிப் பார்க்கும். அந்தத் தட்டல் நடக்கும் நேரத்தில்தான் திரையில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ‘சும்மா சுத்துது’ என்று பொறுமை இழந்து கேன்சல் செய்கிறவர்களை, இன்னும் அரை நிமிடம் விடுங்கள் என்று தடுத்திருக்கிறேன்.

சென்னையின் இந்தப் புறநகரில் ஏன் அவ்வளவு சாட்டிங் நடந்தது என்று இப்போது யோசித்தால் காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருந்தது. ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பங்கள். 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருந்தது. கிறிஸ்தவக் கல்லூரியும் குரோம்பேட்டை எம்ஐடியும் படிக்கவைத்து அனுப்பிய பிள்ளைகள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் செம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் மனை வாங்கி வீடு கட்டி, பிஎஃப் பணத்தைப் போட்டு மாடி எடுத்து, அந்த மாடியில் யாரும் இல்லாமல் இருந்தார்கள். ஐஎஸ்டி பேசினால் நிமிடக் கணக்கில் பணம். விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15இல். யாகூ தன் சாட் மென்பொருளை ‘பேஜர்’ என்ற பெயரில் கொண்டுவந்தது 1998 மார்ச்சில். மறு வருஷம்தான் அது மெசஞ்சர் ஆனது. 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழித் தொலைபேசிக்கு அரசு அனுமதி தந்ததும் எங்கள் கடையில் நான்கு ஹெட்போன் மாட்டினோம். அந்த மாதம் முழுக்க, கேபினுக்குக் கேபின் ‘ஹலோ, ஹலோ, கேக்குதா’ என்ற குரல்தான்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. தொலைபேசி இருந்த வீட்டுக்கெல்லாம் அதே கம்பியில் இணையம் நுழைந்ததும் கடைக்குக் கூட்டம் குறைந்தது. ஓனர் அண்ணனே என்னை வெளியே அனுப்பினார். “அவங்க கடைக்கு வரமாட்டாங்க, நீ வீட்டுக்குப் போ.” ஒரு பழைய டிவிஎஸ் வண்டியும் தோள் பையுமாக வீட்டு சர்வீஸ் ஆரம்பித்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய கிரிம்பிங் டூல், ஒரு டப்பா நிறைய ஆர்ஜே45 கனெக்டர், நான்கைந்து பட்டன் பேட்டரி, இரண்டு ஸ்ப்ளிட்டர், ஒயர் வைத்த சாதாரண டெலிபோன் ஒன்று, ரிச்சி தெருவில் வாங்கி நானே சோதித்து வைத்த மூன்று மீட்டர் நெட்வொர்க் கேபிள் ஒன்று. கடைசியில் சொன்ன அந்தக் கேபிளை நான் யாருக்கும் விற்றதில்லை. சந்தேகமில்லாத பொருள் ஒன்றாவது பையில் இருந்தால்தான் மற்றவற்றைச் சந்தேகிக்க முடியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணினியைத் தொடமாட்டேன். முதலில் கேள்வி. “கடைசியா எப்ப நல்லா வேலை செஞ்சுது?” அடுத்தது, “அதுக்கப்புறம் வீட்ல என்ன நடந்துச்சு?” கணினியில் என்ன நடந்தது என்று கேட்டால் ‘ஒண்ணுமே பண்ணலையே’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையும்கூட. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் வேறு பதில்கள் வரும். வெள்ளையடித்தோம். சோபாவை இந்தப் பக்கம் மாற்றினோம். பேரன் வந்திருந்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு எப்போதும் ஏழெட்டு அழைப்புகள் வரும். கணினியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒயர்களையும் கழற்றித் துடைத்துப் பக்தியோடு திரும்ப மாட்டியிருப்பார்கள். ஸ்ப்ளிட்டரில் ‘லைன்’ என்ற ஓட்டைக்குப் போக வேண்டியது ‘போன்’ ஓட்டைக்குப் போயிருக்கும். மாற்றிச் செருகினால் தீர்ந்தது. அதற்குக் காசு வாங்க எனக்கு மனம் வந்ததில்லை. சுண்டல் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வேன்.

சிட்லபாக்கத்தில் ஒரு வீடு. “போன் அடிச்சா சாட் போயிடுது தம்பி” என்றார் அந்த வீட்டு அக்கா. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, ஒருவர் மோடத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் விண்டோஸை அழித்து ஏற்றியிருக்கிறார். நான் என் கைபேசியிலிருந்து அவர்கள் தொலைபேசிக்கு அடித்தேன். கூடத்தில் மணி அடித்தது. கூடவே, கொஞ்சம் மெல்லிய குரலில், சமையலறையிலும் ஒரு மணி அடித்தது. அடுப்பை விட்டு வரமுடியாத நேரத்தில் எடுக்க வசதியாக அங்கே ஒரு பேரலல் போன் போட்டிருந்தார்கள். அதற்கு ஃபில்டர் இல்லை. ஒரே செப்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் பிராட்பேண்ட் அதற்கு வெகு மேலேயும் போகின்றன. இரண்டையும் பிரித்துவிடும் அந்தச் சின்னப் பெட்டி இல்லாத கருவி ஒன்று இருந்தாலும் போதும், மணி அடிக்கும்போது ஓடுகிற சுமார் 75 வோல்ட் மின்சாரமும் ரிசீவரை எடுக்கும் அதிர்வும் மோடத்தை உலுக்கிவிடும். ஃபில்டர் மாட்டிவிட்டு மறுபடி அடித்தேன். இரண்டு மணிகளும் அடித்தன. மூலையில் மஞ்சள் முகம் அசையவில்லை. சமையலறையில் கேட்ட அந்த மணி எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. அதனால்தான் இந்தத் தொழிலைப் போனில் செய்ய முடியாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

செம்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் எம்எஸ்என் மெசஞ்சர் வாரத்தில் மூன்று நாள் வரும், நான்கு நாள் வராது. வராத நாளில் 80048820 என்று ஓர் எண் காட்டும். நான் போன அன்று கேபிள் சரி, மோடம் சரி, பிரவுசரில் செய்தித்தாள் திறக்கிறது. ஒன்றும் பிடிபடாமல் நிமிர்ந்தேன். சுவரில் தினசரி நாட்காட்டி. அன்றைய தேதியைக் கிழித்து, இராகுகாலம் வரை பார்த்து வைத்திருந்தார் சார். திரையின் மூலையில் கணினி காட்டிய தேதி 2002 ஜனவரி 1.

மதர்போர்டில் சிஆர் 2032 என்று எட்டணா அளவில் ஒரு பேட்டரி உண்டு. கரன்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால், மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் கணினி தான் பிறந்த தேதிக்குத் திரும்பிவிடும். மெசஞ்சர் பாஸ்வேர்டை அனுப்பும் முன் அந்தப் பக்கத்தின் சான்றிதழைச் சரிபார்க்கும். ‘இந்தச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து செல்லும்’ என்று அதில் இருக்கும். கணினியோ அந்தத் தேதிக்கு முந்தைய காலத்தில் நிற்கும். இன்னும் பிறக்காத ஒருவரின் கையெழுத்தை எப்படி நம்பும்? கதவைச் சாத்திவிடும். சார் வீட்டில் கரன்ட் போன நாளெல்லாம் மகளோடு பேச்சும் போயிருக்கிறது. இருபது ரூபாய்ப் பேட்டரி. மாற்றிய பிறகு அவர் நாட்காட்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகு எந்த வீட்டிலும் முதலில் என் கண் போகிற இடம் திரையின் வலது கீழ் மூலைதான். பின்னாளில், 2012 வாக்கில் சென்னையிலும் தினம் இரண்டு மணி நேரம் கரன்ட் கட் வந்தபோது, பையில் நான்கு பேட்டரி போதாமல் பத்து வைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் தனிக் கதை. ஐப்பசி பிறந்தால் என் போன் ஓயாது. பகலெல்லாம் நன்றாக இருக்கும், தூறல் விழுந்ததும் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும் என்பார்கள். அங்கே கணினியைத் திறப்பதே வீண். பையிலிருந்த டெலிபோனை, வீட்டு ஒயரிங் எதுவும் இல்லாமல், வெளியிலிருந்து கம்பி நுழையும் இடத்திலேயே நேராக மாட்டிக் காதில் வைப்பேன். ரீங்காரத்துக்குப் பின்னால் வறுக்கிற மாதிரி கரகரப்பு கேட்டால் எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிறகு மோடத்துக்குள் 192.168.1.1 போட்டு நுழைந்து இரைச்சல் விளிம்பைப் பார்ப்பேன். இணைப்புக்குத் தேவையானதற்கு மேல், சிக்னல் இரைச்சலைவிட இன்னும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற கணக்கு அது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் இணைப்பு நிற்காது. வெயில் நாளில் 18, 20 என்று காட்டிய வீடு மழையில் 4 என்று காட்டும். அந்த எண்ணைத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரர் கையில் கொடுத்து, புகார் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள் என்பேன். ‘நெட் வரல’ என்ற புகாருக்கு வருகிற லைன்மேன் கணினியைப் பார்த்துவிட்டுப் போவார். ‘மழையில் 4, வெயிலில் 18’ என்ற புகாருக்கு வருகிறவர் கம்பத்துப் பெட்டியைத் திறப்பார். கோளாறு சுவருக்கு அந்தப் பக்கம் என்று நான் ஒத்துக்கொண்ட இடங்கள் இவைதான். அதையும் காதால் கேட்டு, எண்ணால் எழுதிய பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் இப்படிக் கண்ணாலும் காதாலும் பிடித்துவிட முடியாது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தபோது, இணையத்தில் சேர்ந்ததும் ஒரு நிமிடக் கெடு வைத்து சிஸ்டம் அணைந்துபோகும். ஒரு வாரம் தூங்கவில்லை. அதற்கு அடுத்த வருஷங்களில் விளம்பர மென்பொருள்கள். அவற்றை ஆர்வக்கோளாறில் அழித்துவிடுவார்கள். அவற்றுள் ஏதோ ஒன்று, புரோகிராம்கள் இணையத்துக்குப் போகும் வழியான விண்டோஸின் வின்சாக் சங்கிலியில் தன்னை ஒரு கண்ணியாகச் சொருகியிருக்கும். கண்ணியைப் பிடுங்கியதும் சங்கிலி அறுந்து தொங்கும். எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று பிங் அடித்துக் கேட்டால் பதில் வரும். மெசஞ்சரும் வராது, பிரவுசரும் வராது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2004இல் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்த பிறகு ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ என்று ஒரு வரி அடித்தால் சங்கிலி புதிதாகக் கோத்துக்கொள்ளும். அந்த வரி தெரியாமல் எத்தனை வீட்டில் விண்டோஸை அழித்து, கல்யாண போட்டோக்களையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பெருங்களத்தூரில் ஒரு வீடு என்னை இரண்டு நாள் மாலை உட்கார வைத்தது. மெசஞ்சர் சைன் இன் ஆகிவிடும். நண்பர்கள் பட்டியல் மட்டும் வெறுமையாக நிற்கும். சின்னத் தகவல் போகிறது, பெரிய தகவல் வரவில்லை என்று புரியவே ஒரு நாள் ஆனது. நம் கணினி ஒரு பொட்டலத்தில் 1500 பைட் கட்டும். பிராட்பேண்ட் தன் முகவரிச் சீட்டை ஒட்ட அதில் 8 பைட் கேட்கும். அப்போது பொட்டலத்தில் மிச்சம் 1492தான். பெரிய பொட்டலத்தைப் பார்த்ததும் ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று வழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லைப் பாதையிலேயே ஒரு ஃபயர்வால் விழுங்கிக்கொண்டிருந்தது. பிரிக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1472 அளவில் பிங் அனுப்பினேன், திரும்பவில்லை. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1464இல் பதில் வந்தது. தலைப்புச் சீட்டு 28ஐக் கூட்டினால் சரியாக 1492. அளவை மாற்றிவிட்டு மறுபடி சைன் இன் செய்தபோது முப்பது, நாற்பது பெயர்கள் மளமளவென்று இறங்கின. அந்த வீட்டுப் பையன் கைதட்டினான். அன்று வண்டியில் திரும்பும்போது எனக்கிருந்த நிறைவை வேறு எதிலும் அடைந்ததில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘சர்வர்ல ப்ராப்ளம்’ என்று தெரிந்தே ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறேன்.

முடிச்சூர் ரோடு பக்கம் ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். கணவர் வளைகுடாவில். மூன்று வாரமாக அவர் ஆன்லைனில் வருவதே இல்லை, போனும் எடுப்பதில்லை, நம்ம கனெக்ஷனில்தான் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டிருந்தார். வழக்கம்போல இந்த முனையிலிருந்து ஆரம்பித்தேன். கேபிள், தேதி, மோடம், 5050. எல்லாம் சுத்தம். அவர் ஐடியிலிருந்து என் ஐடிக்கு ஒரு செய்தி அனுப்பினேன், உடனே வந்தது. ஒருவர் ஆன்லைனில் இருக்கிறாரா என்று யாகூவே பொதுவில் காட்டிய சின்ன விளக்கு ஒன்று அப்போது இருந்தது. கடைசியாக அதில் அவர் கணவரின் ஐடியைப் போட்டுப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. இவர் பட்டியலில் மட்டும் அணைந்திருந்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் ஆஃப்லைனாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளும் வசதி மெசஞ்சரில் இருந்தது.

பின்னால் நின்றுகொண்டு, “என்னண்ணா, கிடைச்சுதா?” என்றார். இடுப்பில் குழந்தை. அந்தப் பக்கத்தை மூடினேன். “சர்வர்லதாம்மா ஏதோ. ரெண்டு நாள்ல சரியாயிடும். அதுவரைக்கும் அவர் வீட்டுப் பெரியவங்க யார்கிட்டயாவது பேசிப் பாருங்க” என்றேன். காசு வாங்கவில்லை. செய்தது சரியா என்று ஓனர் அண்ணனிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தச் சின்ன விளக்கை யாருக்காகவும் நான் பார்த்ததில்லை. கம்பி எங்கே அறுந்தது என்று பார்ப்பது என் வேலை. மனிதர்கள் எங்கே அறுந்தார்கள் என்று பார்க்க எனக்கு உரிமை கிடையாது.

கைபேசிகள் வந்து, வாட்ஸ்அப் வந்து, 2012 டிசம்பரில் யாகூவின் பொது சாட் அறைகள் மூடப்பட்டு, 2013இல் எம்எஸ்என் மெசஞ்சரின் வாரிசும் போன பிறகு என் வேலை சிசிடிவிக்கும் வைஃபைக்கும் மாறிவிட்டது. ஆனாலும் மேசைக் கணினியை விடாத சில வீடுகள் இருந்தன. முடிச்சூரில் ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியில் எழுத்துகள் விரலுக்கு அடங்கவில்லை என்று கீபோர்டில்தான் மகளுக்கு எழுதுவார். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு அவர்கள் தெருவுக்குள் வந்தபோது, வீட்டில் எல்லாச் சாமானையும் விட்டுவிட்டு அவர் மாடிக்குத் தூக்கிப்போனது சிபியுவை.

2016 ஆகஸ்டில் கூப்பிட்டார். “தம்பி, மெசஞ்சர் சைன் இன் ஆவல.”

கேபிளை மாற்றிப் பார்த்தேன், என் மூன்று மீட்டர் கேபிளால். திரையின் மூலையில் தேதி சரி. மோடம் 20 காட்டியது. எண்ணைப் போட்டுப் பிங், பெயரைப் போட்டுப் பிங், இரண்டுக்கும் பதில். ஃபயர்வாலைத் திறந்தேன். வேறொரு ஐடியில் முயன்றேன். பிறகு என் போனில் செய்தியைத் தேடிப் படித்தேன். பழைய டெஸ்க்டாப் மெசஞ்சருக்கான சேவையை அந்த மாதத்தோடு யாகூ நிறுத்திக்கொண்டிருந்தது. கைபேசிக்கும் பிரவுசருக்கும் ஒரு புதிய வடிவம் விட்டிருந்தார்கள். அதுவும் 2018 ஜூலை 17இல் மூடப்பட்டது. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக அந்த வாக்கியத்தை உண்மையாகச் சொன்னேன். “சார், இந்தத் தடவை கோளாறு அந்தப் பக்கம். நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் புரிந்துகொண்டார். மகளோடு பேச வேறு வழி செய்துகொள்ளலாம் என்றார். சற்று நேரம் கழித்து, “அப்ப அவ எழுதினதெல்லாம்?” என்று கேட்டார்.

அவர் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகளோடு அதிகம் சாட் செய்தது அந்த அம்மாதான். வீட்டுக் கணினிகளில் மெசஞ்சரை ஏற்றும்போது, பேசியதைச் சேமித்து வைக்கட்டுமா என்று நான் கேட்பது வழக்கம். கடையில் அதைக் கண்டிப்பாக அணைத்து வைப்போம், வீட்டில் கேட்டுச் செய்வோம். 2007இல் அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஹார்டு டிஸ்கில் யாகூவின் அடைவுக்குள் போய், ஆர்க்கைவ் என்ற இடத்தைத் திறந்தேன். தேதி தேதியாகக் கோப்புகள். நூற்றுக்கணக்கில் இருந்தன.

நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் ஐடியின் எழுத்துகளோடு முறுக்கித்தான் மெசஞ்சர் எழுதி வைக்கும். முறுக்கைப் பிரிக்கப் பாஸ்வேர்டு தேவையில்லை. ஐடி தெரிந்தால் போதும். அதற்கென்று சின்ன மென்பொருள் ஒன்று என் பென்டிரைவில் இருந்தது. “சார், அம்மாவோட ஐடி சொல்லுங்க.”

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மனைவியின் பெயர், அதை ஒட்டி மகள் பிறந்த ஆண்டு. அடித்தேன். கிறுக்கல் அவிழ்ந்து வரிகளாக நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ். சாப்டியா. மழை பெய்யுதா அங்க. அப்பா கடைக்குப் போயிருக்கார். முருங்கை காய்ச்சிருக்கு.

கோப்புகளை எல்லாம் ஒரு சிடியிலும் ஒரு பென்டிரைவிலும் எழுதிக் கொடுத்துவிட்டு, கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

“தம்பி, கிளம்பறதுக்கு முன்னாடி இந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுத்துட்டுப் போ.”